டூப்பு வந்துட்டான்!

"டேய், டூப்பு வந்துட்டான்டா!"

வாசலில் நின்றிருந்த லீடர் போட்ட கூச்சலில், அந்த இரண்டாவது மாடி ஹாலே கதவுப் பக்கம் திரும்பியது.

திரும்பாதா பின்னே? முப்பது வருஷம் கழித்துக் கூடும் வகுப்பு. ஃபேஸ்புக்கைச் சல்லடை போட்டுச் சலித்து, ஒவ்வொருவராகப் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டவள் லீடர். இன்று ஒரு பல் ஆஸ்பத்திரிக்கே முதலாளி. ஆனாலும் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதிய காலத்து அதட்டல் போகவில்லை. ஒருத்தர்கூட விடுபடாமல் முழு வகுப்பும் வந்தாக வேண்டும் என்பது அவள் பிடிவாதம். டூப்பு ஒருவன்தான் குரூப்பில் பிடிகொடுக்காமல் நழுவிக்கொண்டே இருந்தான். இதோ, அவனும் வந்தாயிற்று.

"ஓ"வென்று கத்திக்கொண்டு ஓடினார்கள். முதுகில் குத்தினார்கள். கையில் பூங்கொத்தைத் திணித்தார்கள். செல்ஃபி எடுத்த தள்ளுமுள்ளில் வந்தவரின் மூக்குக் கண்ணாடி கோணிக்கொண்டது.

"ஒரு நிமிஷம்ங்க... நான் டூப்பு இல்லைங்க."

ஹால் அதிரச் சிரித்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் அந்தப் பட்டத்தை அவன் சும்மா வாங்கவில்லை. மாட்டிக்கொண்ட போதெல்லாம், "அது நான் இல்லை சார், என் அண்ணன்" என்று வாத்தியாரிடமே சாதித்தவன். இத்தனைக்கும் அவனுக்கு அண்ணனே கிடையாது!

"மாறவே இல்லடா நீ!" என்றாள் லீடர். "முதல்ல அந்த 'ங்க'வை விடு. குரூப்லயும் 'வாழ்த்துகள்ங்க'ன்னு எங்களைக் கிண்டல் பண்ணிக்கிட்டு!"

அந்த நேரம் பார்த்து ஸ்கேல் வந்து சேர்ந்தான். டூப்போடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். விமானம் தாமதமானதால் பெட்டியும் கையுமாக நேரே ஹாலுக்கு வந்திருந்தான். கூட்டத்தை ஆசையாக விலக்கிக்கொண்டு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"இது டூப்பு இல்ல."

"நீயும் ஆரம்பிச்சிட்டியா?"

"சத்தியமா சொல்றேன். வருஷக் கணக்கா ஒரே பெஞ்சுல இருந்த எனக்குத் தெரியாதா? இவர் வேற யாரோ."

சிரிப்பு பொசுக்கென்று அடங்கியது.

"அதைத்தாங்க நானும் சொல்றேன்," என்றார் வந்தவர். "உங்க ஃப்ரெண்டு பேரும் இனிஷியலும்தாங்க எனக்கும். கண்ணாடிக் கடை வச்சிருக்கேன்."

லீடரின் முகம் சிவந்துவிட்டது. 'முழு வகுப்பும் ஆஜர்' என்று ஊரெல்லாம் பார்க்க ஸ்டேட்டஸ் வேறு போட்டாயிற்று!

"நல்ல ஆளு சார் நீங்க! எங்க வீட்டு விஷயம், பிள்ளைங்க மார்க்கு, என் மாமியாரைப் பத்தி நான் புலம்பினது, எல்லாத்தையும் படிச்சிட்டுக் கமுக்கமா இருந்திருக்கீங்களே, வெட்கமா இல்ல?"

"முதல் நாளே சொன்னேங்க, நீங்க தேடற ஆள் நான் இல்லைன்னு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மையா அனுப்பினீங்க. குரூப்பை விட்டுப் போனேன். மறுபடி இழுத்துப் போட்டீங்க. மறுபடியும் போனேன். 'ரொம்பத்தான் பிகு பண்ணாதே'ன்னு நீங்களேதான் திரும்பவும் சேர்த்தீங்க."

யாரோ களுக்கென்று சிரித்து, லீடர் பார்த்த பார்வையில் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"சரி, குரூப் போகட்டும். இங்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தீங்க? தயவுசெஞ்சு கிளம்புங்க."

அவர் தலையாட்டினார். பூங்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் நடந்தார்.

"நில்லுங்கண்ணா!"

மைனாவின் குரல். வாய் திறந்தால் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காத மைனா, இப்போது கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இவரைக் கூப்பிட்டது நான்தான். இவர் டூப்பு இல்லைன்னு எனக்குப் போன வருஷமே தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லலை?"

"மறதி வந்த எங்கப்பா வீட்டை விட்டு எங்கயோ போயிட்டார்னு குரூப்ல படம் போட்டேனே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன? எல்லாரும் உடனே கும்பிடு போட்டோமே!" என்றாள் லீடர். "நான் மத்த குரூப்புக்கெல்லாம் ஃபார்வர்டு பண்ணேன்."

"ஆமா. இவர் கடையைப் பூட்டிட்டுக் கிளம்பி வந்தார். பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட்டுன்னு என்னோட நாய் மாதிரி அலைஞ்சார். அப்பாவைக் கண்டுபிடிச்சுக் கைத்தாங்கலா வீட்டுல கொண்டாந்து விட்டதும்தான், 'நான் உங்க டூப்பு இல்லைங்க'ன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சம்பந்தமே இல்லாத நீங்க எதுக்கண்ணா வந்தீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?" என்றாள் லீடர். இந்தத் தடவை அவள் குரல்தான் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்கவில்லை.

"'எப்படியும் உங்க கிளாஸே திரண்டு வந்திருக்கும், கூட்டத்தோட கூட்டமா நானும் ஒருத்தனா தேடலாமேன்னு வந்தேங்க'ன்னார்."