வீட்டுக்கு வந்த வேட்பாளர்

கோவையில் பம்ப்செட் கம்பெனி நடத்தும் காஞ்சனமாலா நாடாளுமன்றத் தேர்தலில் நின்றாள். வாசல் வாசலாக அலைய வேண்டிய வேலை அவளுக்கு இல்லை. அவளைப் போலவே பேசும் அவளுடைய கணினிப் பிம்பம் தொகுதியின் ஒவ்வொரு வீட்டுத் திரையிலும் தோன்றி, குறை கேட்டு, ஓட்டும் கேட்டது.

ஒரு பிரச்சாரக் கூட்டத்தில் அவள் மேடையேறும்போது, பிரச்சாரத்தைக் கவனிக்கும் சபாபதி ஓடி வந்தான்.

"அக்கா, உங்க வீட்லயும் உங்க பிம்பம் பேசியிருக்குதுங்க. காலையிலிருந்து நெஞ்சு வலிக்குதுன்னு மாமா அதுகிட்டச் சொல்லியிருக்காருங்க."

ஆம்புலன்ஸை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, கூட்டத்தை அப்படியே விட்டுக் கிளம்பினாள். "சரியான நேரத்துல கொண்டு வந்துட்டாங்க, இனி பயமில்லை" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

கட்டிலருகே உட்கார்ந்து கணவர் சிகாமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமில்லீங்க?"

"நீ வேலையா இருப்பேன்னு நெனச்சேன். உன் பிம்பம் திரையில வந்து, உடம்பு எப்படி இருக்குதுன்னு கேட்டுச்சு. உன் குரல்ல அப்படிக் கேட்டு ரொம்ப நாளாச்சு. சொல்லிட்டேன்."

அவள் போன் விடாமல் அடித்தது. அதை அணைத்து வைத்தாள்.

"இப்ப எப்படி இருக்குதுங்க?"

அவர் நிதானமாகச் சொல்லி முடிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.