மேனேஜரின் கையுறை

மீனம்பாக்கம் விமான நிலைய மருந்துக் கடை முன்னால் நின்றுகொண்டு, பேன்ட் பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தார் கிறிஸ்துராஜ்.

"கையைக் காட்டினாத்தானே சார் மருந்து சொல்ல முடியும்?" என்றார் கடைக்காரர் வேலாயுதம்.

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு நீட்டினார். இரண்டு கையும் சிவந்து வெடித்து, பார்க்கவே பாவமாக இருந்தது.

ஆம்பூரில் ஒரு தோல் ஃபேக்டரிக்கு மேனேஜர் அவர். போன வாரம் தொழிலாளர்கள், தோல் பதனிடும் குரோம் தண்ணீர் கையை அரிக்கிறது என்று கையுறை கேட்டு வேலையை நிறுத்தினார்கள். "குரோம் தண்ணி இன்னா விஷமா? நான் காட்றேன் பாருங்க" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு நாள் முழுக்க வெறுங்கையால் ஈரத்தோலைப் புரட்டிக் காட்டினார். ஆட்களும் வேலைக்குத் திரும்பினார்கள்.

மூன்றாம் நாள் அரிப்பு ஆரம்பித்தது. ஊரில் மருந்து வாங்கினால் சாயங்காலத்துக்குள் ஃபேக்டரி முழுக்கத் தெரிந்துவிடும். வெளிநாட்டுப் பயணம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார்.

"தோலு ஃபேக்டரியா சார்? என் மச்சானும் வாணியம்பாடில அதே வேலைதான். அவனுக்கும் இப்டித்தான்."

"அவரு இன்னா மருந்து போட்றாரு?"

"மேனேஜரு தேங்கா எண்ணெ தடவிக்கச் சொன்னாராம். அந்த ஆளு மட்டும் என்கிட்ட மாட்னா..."

"நீ களிம்பைக் குடுப்பா" என்று அவசரப்பட்டார் கிறிஸ்துராஜ். "நாளன்னிக்கு ஜெர்மனில கை குலுக்கணும். இந்தக் கையைப் பாத்தா ஆர்டரே போய்டும். அதுக்குள்ள ஆறிடுமா?"

"பத்து நாளாவது ஆவும் சார். தடவிட்டு மேல உல்லன் கையுறை போட்டுக்கங்க, குளிர் ஊருக்குப் போறவங்களுக்காக இங்கயே விக்கிறோம். அங்க குளிர்தானே, யாரும் கேக்க மாட்டாங்க."

"இருக்கிறதுலயே நல்லதா ரெண்டு ஜோடி குடு. கை விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணக் கூடாது."

ஆனால் ஆர்டர் கொடுக்க வேண்டிய ஜெர்மன்காரர் கேட்டுவிட்டார். அவருடைய அறை கதகதப்பாக இருந்தது. உள்ளே வந்தும் கையுறையைக் கழற்றாத மனிதரை ஏற இறங்கப் பார்த்தார்.

கிறிஸ்துராஜ் கொஞ்சமும் கூசவில்லை. "எங்கள் ஃபேக்டரியில் கையுறை இல்லாமல் ஒரு தொழிலாளியும் தோலைத் தொடமாட்டான். எனக்கும் அதே பழக்கம் ஆகிவிட்டது."

ஜெர்மன்காரர் உருகிப்போனார். ஆர்டரில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். "அடுத்த மாதம் நானே நேரில் வந்து அந்தத் தொழிலாளர்களைப் பார்க்கிறேன்" என்றார்.

அன்றைக்கே ஆம்பூர் சூப்பர்வைசர் சாமுவேலுக்குத் தந்தி பறந்தது: "ஜெர்மன்காரர் வருகிறார். எல்லோருக்கும் உடனே கையுறை கொடுக்கவும்."

வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறார்களே என எப்போதும் தந்தியைச் சுருக்குகிறவர், இந்த முறை மட்டும் யோசித்து மூன்று வார்த்தை கூடச் சேர்த்திருந்தார்.

"அவர் போனதும் பிடுங்கிவிடவும்."