ஒரு கயிறும் ரெண்டு முடிச்சும்

ஆடு மலையேறாம வேற யாருடி ஏறுவா? நம்பாட்டி போ. பனி இளகுற மாசத்துல ஒரு ஆடும் கரடியும், எறங்குறப்ப சறுக்கிட்டு வர கட்டைகள முதுகுல கட்டிக்கிட்டு, சிகரம் ஏறுச்சுங்க. கோடையில போன குரங்கு கத வேற, அது திமிரு புடிச்சது, அத விடு. விழுந்துடக் கூடாதுன்னு ரெண்டும் ஒரே கயித்த இடுப்புல கட்டியிருந்துச்சுங்க.

ஆட்டுக்குக் கரடி மேல நம்பிக்க வரல. இந்தத் தடியன் வழுக்குனா நம்மளயும்ல இழுத்துட்டுப் போவான்னு, முடிச்ச மெதுவா அவுத்து, கரடிக்குத் தெரியாம இருக்க நுனிய வாயில கவ்விக்கிச்சு.

உச்சிக்கு வந்ததும், "வந்துட்டோம்ணே!"ன்னு கத்துச்சு.

"ஆமாடா தம்பி!"ன்னு கரடியும் வாயத் தொறந்துச்சு. ரெண்டு வாயிலருந்தும் கயிறு நழுவிப் பள்ளத்துல போயிருச்சு.

"அடப்பாவி, நீங்களுமா அவுத்தீங்க?"

"நீ ஏன்டா அவுத்த?"

பின்னாடி வர்றவன் தள்ளிவிட்டான்னா?ன்னு ரெண்டுக்கும் பயம்.

"நீங்க மொதல்ல சறுக்குங்கண்ணே."

"நீ போடா."

காலடியில பனி உருகுது, ரெண்டும் நகரல. ஏ பூவாயி, கத கேட்டது போதும், தூறுது பாரு, வத்தலத் தட்டோட உள்ள எடுத்துட்டு வா!