கறுத்த துணி

ஹெப்பகோடிப் பட்டறையில் பிற்பகல் வெயில் தகரக்கூரையின் ஓட்டை வழியே கழுவுதொட்டியின் மீது விழுகிறது. நீரின்மேல் எண்ணெய்ப் படலம் மினுங்குகிறது. அறுபது பாகைக்குக் குறைந்த வெப்பத்தில் இவ்வெண்ணெய் கரையாது என்பது விதி. தொட்டியின் வெப்பமானி நாற்பத்திரண்டைக் காட்டுகிறது. பதிவேட்டிலோ மாலை ஆறு மணி வரைக்கும் மணிக்கு மணி அறுபது என்று காலையிலேயே எழுதப்பட்டுள்ளது. கழுவும் பணியாளரான செண்பகம் கழுவியெடுத்த பிரேக் உருளை ஒன்றை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கிறார். துணி கறுக்கிறது. "கையெழுத்துப் போடும்மா, லாரி நிக்குது. சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்கிறார் மேற்பார்வையாளர் குணசேகர், கன்னடம் கலந்து. "போன வாரம் எண்ணெய்ப் பிசுக்குன்னு மால் திரும்பி வந்தப்போ என் கையெழுத்தைத்தானே சார் காட்டினீங்க? இன்னொரு தடவை வந்தா வேலை இல்லைன்னீங்க." "புது ஹீட்டருக்குச் சொல்லியாச்சும்மா." "தீபாவளிக்கும் அதையேதான் சொன்னீங்க." செண்பகம் உருளையைத் தொட்டிக்குள் வீசுகிறார். அழுக்குநீர் குணசேகரின் இஸ்திரி கலையாத சட்டையில் தெறிக்கிறது. வெளியே லாரி இடைவிடாது ஒலி எழுப்புகிறது. பேனா பதிவேட்டுத் தாளைக் கிழிக்குமளவுக்கு அழுத்தி, அறுபதுகள் அனைத்தின் மீதும் ஒரே கோடு இழுக்கிறார் செண்பகம். பக்கத்தில் நாற்பத்திரண்டு என எழுதுகிறார். கறுத்த துணியை அத்தாளோடு சேர்த்துக் கிளிப்பில் மாட்டுகிறார். அதன் பின்னரே கையெழுத்திடுகிறார், முழுப்பெயரையும் எழுதி.