அப்பா வீட்டு ரிமோட்

“அப்பாவுக்கு இருக்கற இடுப்புவலிக்கு, நாற்காலியில நிமிர்ந்து உக்காந்து, மவுஸைப் புடிச்சுக்கிட்டுப் படம் பார்ப்பாராம்! கேக்கறதுக்கே சிரிப்பு வருது” என்றான் தெய்க் ஹின். சோபாவில் சாய்ந்தபடி பார்க்கிற டிவி கம்ப்யூட்டர்தான் வாங்க வேண்டும் என்று ஊய் என்பவரின் கடையில் அவன் ஒற்றைக் காலில் நின்றான்.

“ஹால்ல வச்சா அவரு கூட்டாளிங்க அத்தனை பேரும் வந்து குந்திக்குவாங்க. ஒவ்வொருத்தரா அவங்களும் அந்தப் பக்கமே குடிபோயிட்டாங்க, தெரியுமில்ல?” என்றாள் தங்கை மேய் ஃபோங். “தனி ரூம்ல, மேசை மேல வைக்கற கம்ப்யூட்டர்தான் சரி. ஒரு நாற்காலி, ஒரு ஆளு. கதை முடிஞ்சுது.”

இருவருக்கும் நடுவில் பிளாஸ்டிக் முக்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அம்மா சியூ ஹூன். பினாங்கில் கடலைப் பார்த்த குன்றுக்கு அப்பா போன வருடம் குடிபோனதிலிருந்து அவள் மகன் வீட்டில்தான் இருக்கிறாள். பிள்ளைகளைப் போல அவளால் விளையாட்டாகப் பேச முடியவில்லை. இன்றைக்கு எதை வாங்கினாலும் கடைசியில் அதன் முன்னால் அவரோடு மல்லுக்கட்டப் போவது அவள்தானே!

“நீ இப்ப எங்கம்மா போகப்போறே? எங்ககூடவே இருலா” என்றான் மகன்.

“எத்தனை நாளைக்கு? என்னிக்கா இருந்தாலும் நான் அந்தாளு வீட்டுக்குத்தான் போகணும். அதான் யோசிக்கறேன்.”

கடைக்காரர் ஊய் பிழைக்கத் தெரிந்தவர். எந்தப் பக்கமும் சாயவில்லை. “மேசைக் கம்ப்யூட்டர்னா கெட்டியா இருக்கும். கிட்டக்க உக்காந்து பார்க்கலாம், கீபோர்டு மவுஸ் எல்லாம் கூடவே வந்துடும். டிவி கம்ப்யூட்டர்னா ஒல்லிப் பொட்டி, டிவிக்குக் கீழேயே அடங்கிடும். கொஞ்சம்கூடச் சத்தம் வராது, ரிமோட் ஒண்ணு போதும்.”

“ரிப்பேர் ஆயிட்டா?” என்று கேட்டாள் அம்மா.

“எங்கப்பா காலத்துலேருந்து விக்கறோம் ஆன்ட்டி. உபயோகிச்ச ஆளு ஒருத்தர்கூட ரிப்பேர்னு இந்த வாசப்படி ஏறினதில்ல.” அதைச் சொல்லும்போது மனிதர் முகத்தில் சிரிப்பே இல்லை.

“இவ்வளவு பெரிய டிவி அந்த ஹால்ல கொள்ளுமா?” என்று மேய் ஃபோங் கடைசியாக ஒரு முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தாள்.

“தாராளமாக் கொள்ளும். போன வருஷம் உங்கப்பாவுக்கு அந்த மூணு மாடி வீட்டைக் குடுத்ததே நான்தானே, எனக்குத் தெரியாதா?” என்ற ஊய், சுவரளவு டிவியை ஒரே கையால் எடுத்து வந்து அம்மாவின் முன்னால் நிறுத்தினார். பக்கத்தில் ஒல்லிப் பெட்டியையும் அதன் மேல் ரிமோட்டையும் வைத்தார்.

அம்மா ரிமோட்டையே முறைத்துப் பார்த்தாள். “எனக்குப் பயமே இந்தச் சனியனைப் பார்த்துதான்.”

பயம் இருக்காதா பின்னே? கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் வீட்டில் ரிமோட் கைமாறியதே கிடையாது. நாடகத்தில் மருமகள் மாமியாரை அறையக் கை ஓங்குவாள். சரியாக அந்த நேரம் பார்த்து அப்பா பந்து விளையாட்டுக்கு மாற்றிவிடுவார். கேட்டால் “அஞ்சே நிமிஷம்” என்பார். அந்த அடி விழுந்ததா இல்லையா என்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. தூங்கிவிட்டாரே என்று மெல்ல உருவினால், குறட்டையை நிறுத்திவிட்டு, கண்ணைத் திறக்காமலேயே “பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்” என்பார், பாவி மனுஷன்.

“அப்பாவுக்கு மேசைக் கம்ப்யூட்டரே வாங்கிடலாம்மா. அவரு ரூம்ல அவரு பார்த்துக்கட்டும். நீ போறப்ப உனக்குன்னு தனியா ஒரு டிவி வாங்கித் தந்துடறோம்” என்றாள் மகள்.

“ஆளுக்கொரு ரூம், ஆளுக்கொரு பொட்டியா? அந்த அழகுக்கு நான் எதுக்குடி அங்க போகணும்?” என்று சீறினாள் அம்மா. பிறகு கைப்பையின் ஜிப்பை நெருடிக்கொண்டே சொன்னாள். “இப்ப ரிமோட் முழுக்க முழுக்க என் கையிலதான் இருக்கு. இஷ்டப்பட்ட நாடகம் பார்க்கறேன். சண்டை போட ஆளில்லாம ஒண்ணுமே ருசிக்க மாட்டேங்குது.”

ஊய் தூசியே இல்லாத மேசையை அவசரமாகத் துடைத்தார்.

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “டிவி கம்ப்யூட்டரையே கட்டுங்க.”

தெய்க் ஹின் தங்கையைப் பார்த்து நாக்கைத் துருத்தி அழகு காட்டினான். நாற்பது தாண்டிய ஆள்! வெளியே தூறல் போட்டது. ஊய் பிளாஸ்டிக் தாளை விரித்து, “ஞாயித்துக்கிழமை அங்க போற வரைக்கும் ஈரம் படாம வச்சுக்குங்க” என்றபடி சுற்றத் தொடங்கினார்.

அம்மா சட்டென்று எழுந்து ரிமோட்டை மட்டும் லபக்கென்று எடுத்தாள். கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

“என்னம்மா இது? ரிமோட் இல்லாம அப்பா எப்படிப் பார்ப்பாரு?” என்றான் மகன்.

“எழுந்து போய்ப் பட்டனை அமுக்கட்டும். நீ அந்தக் காகித டிவியை நம்ம சீன வழக்கப்படி அப்பா கல்லறையில எரிச்சு மேலுலகத்துக்கு அனுப்பிடு. ரிமோட்டை நான் செத்துப் போறப்ப கையோட கொண்டு போறேன்.”