மஞ்சள் தாள்

பர்பாங்க் ஸ்டூடியோவில், மேக்கப் கேரவனின் ஜன்னல் வழியே வரும் காலை வெயிலில் கண்ணாடியைச் சுற்றிய பல்புகள் வெளிறித் தெரிகின்றன. டிலேனிக்குப் பத்தொன்பது வயது. பதிமூன்றிலிருந்து ஒரே தொலைக்காட்சித் தொடர், ஒரே தங்கை வேஷம். வேறு பிழைப்பு தெரியாது. மடியில் இளஞ்சிவப்புத் தாளில் இன்றைய வசனம். கதையைத் திருத்தும்போதெல்லாம் தாளின் நிறத்தை மாற்றுவது இங்கே வழக்கம். இளஞ்சிவப்புக்கு அடுத்தது மஞ்சள். அந்த மஞ்சள்தான் மேக்கப் போடும் ரொசால்பாவின் பையிலிருந்து ஒரு விரற்கடை எட்டிப் பார்க்கிறது. “மஞ்சத் தாள் வந்துருச்சா? எனக்கு மட்டும் யாரும் தரலையே?” “அதுவா? ஏதாவது பழசா இருக்கும் கண்ணு. தலைய ஆட்டாத.” பொய் சொன்னால் ரொசால்பாவுக்குக் காது மடல் சிவக்கும். இப்போது சிவக்கிறது. காலையிலிருந்தே எல்லாரும் தேனொழுகப் பேசுகிறார்கள். ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்காத இயக்குநர், தன் கையாலேயே காபி கொண்டுவந்து கொடுத்துத் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தக் காபி தொடப்படாமல் ஆறிக்கொண்டிருக்கிறது. “தங்கச்சியக் கொல்லப் போறாங்களா?” “சும்மா இரு. என் வாயக் கிளறாத.” வெளியே ஜெனரேட்டர் உறுமுகிறது. டிலேனி வழக்கம்போல் உதட்டைக் குவித்துக் கொடுக்கிறாள். ரொசால்பாவின் கை உதட்டுச் சாயத்தை எடுக்கிறது, தயங்குகிறது, திரும்ப வைக்கிறது. பிறகு ஈரப் பஞ்சால் அந்த உதட்டில் இருக்கிற கொஞ்சம் சிவப்பையும் துடைத்துவிட்டு, பிண வேஷத்துக்குப் பூசும் சாம்பல் நிறப் பூச்சு டப்பாவைத் திறக்கிறாள்.