ஜௌபர் நானாவின் பங்கு

மறுபடியும் அஸீஸின் கை எல்லை தாண்டி வந்து, ஜௌபர் நானாவின் பக்கத்தில் இருந்த இறைச்சித் துண்டைத் தூக்கிக்கொண்டு போனது.

சஹன் என்றால் ஒரே பெரிய தட்டு, சுற்றி ஆறு பேர். அவரவர் பக்கத்துச் சோற்றைத்தான் அவரவர் தொட வேண்டும். பண்டாரவளையில் பல் முளைக்காத பிள்ளைக்கும் தெரிந்த ஒழுக்கம் இது.

"அஸீஸ், பசி கூடிப் போச்சு போல?" என்றார் எதிரே இருந்த ஹுமைத்.

"கலியாண வீட்டுக்குப் பசியோடதானே வரணும்," என்று மென்றபடியே சொன்னான் அஸீஸ்.

ஜௌபருக்கு வயிறு எரிந்தது. வெறும் வயிறு வேறு, நன்றாகவே எரிந்தது.

ஊருக்கே நானா, அதாவது அண்ணன் அவர்; பெயரெடுத்தது புடவைக் கடையால் அல்ல, வயிற்றால். "ஜௌபர் நானா குந்தின சஹன்ல எறும்புக்கும் மிச்சமிரிக்காது" என்று ஊரே சொல்லும். அதைக் கேட்டால் அவருக்கு ஏதோ பட்டம் வாங்கினவர் மாதிரி நெஞ்சு நிமிரும்.

அந்த வயிற்றைத்தான் போன மாதம் பதுளை ஆஸ்பத்திரி டாக்டர் அமுக்கிப் பார்த்தார்.

"பித்தப்பையில கல்லு. பக்கத்திலதான் கணையம் இருக்கு. கல்லு நழுவி அதன் வாயை அடைச்சிச்சோ, ஆளைக் காப்பாத்துறது கஷ்டம். ஒபரேஷன் செய்யிற வரைக்கும் நெய், இறைச்சி, தேங்காய்ப்பால் ஒண்ணும் தொடக்கூடாது."

"வட்டிலப்பம்?"

தேங்காய்ப்பாலில் அவிக்கிற அந்த இனிப்பின் பெயரைக் கேட்டதும் டாக்டர் பார்த்த பார்வையே போதுமாக இருந்தது.

விஷயம் மனைவி ஸுபைராவுக்கு மட்டும் தெரியும். "நான் நோய் வந்த வருத்தக்காரன்டு தெரிஞ்சா என்ட பேர் என்னத்துக்காகும்?" என்று அவள் வாயையும் கட்டிப் போட்டிருந்தார். அரிசித் தட்டுப்பாடு தீர்ந்து ஊரெல்லாம் நெய்ச்சோறு மணக்கிற நேரம் பார்த்தா இந்தக் கல்லும் வந்து சேர வேண்டும்!

"பேரு கெடக்கட்டும், உசிரப் பாருங்க," என்று அவள் அழாத குறையாகச் சொன்னாள். ஒரு துண்டும் தொடுவதில்லை என்று சத்தியம் பண்ணிவிட்டுத்தான் இப்றாஹீம் ஹாஜியார் வீட்டுக் கலியாணத்துக்குப் புறப்பட்டார். நெய் மணம் மூக்கில் ஏறியதும் சத்தியம் பந்தல் வாசலிலேயே நின்றுவிட்டது. இன்றைக்கு ஒருநாள்தானே! ஒரு துண்டு. மிஞ்சினால் நாலு. சும்மா இருந்தால் ஹுமைத் ஏன் என்று கேட்பாரே!

பிஸ்மி சொல்லிக் கையை வைத்தால், இந்த அஸீஸ்!

எதிர்ப் புடவைக் கடைக்காரன். இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அவன் கடையைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் கொழும்பில் கிடந்தபோது, "சரக்கெடுக்கப் போனவனா அவன்? கொழும்பு மருதானையில சின்ன வீடு வச்சிரிக்கான்!" என்று கடைத்தெரு முழுக்க ஒலிபரப்பியவர் ஜௌபர்தான். கண்ணால் கண்டது கிடையாது. ஆனாலும் சொல்லிச் சொல்லி அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

அப்படிப்பட்டவன் இன்று, இடமிருந்த சஹனையெல்லாம் விட்டுவிட்டு வலிய வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வேறென்ன, பழி வாங்கத்தான்!

கோழிப் பொரியல் வந்தது, ஆளுக்கொரு துண்டு. ஜௌபரின் துண்டு தட்டில் விழுமுன்பே அஸீஸின் கைக்குப் போனது. வட்டிலப்பம் வந்தது. அவருடைய கிண்ணமும் அவனுக்கே. அவர் பக்கம் மிஞ்சியது கொஞ்சம் சோறும் வெள்ளரிக்காயும் அன்னாசித் துண்டும்தான்.

கை கழுவும் இடத்தில் அவனைப் பிடித்துவிட்டார்.

"ஒனக்கு ஊட்டுல சோறு போடுறல்லையா? இல்லாட்டி ரெண்டு ஊட்டுக்கும் சேத்துத் திங்கிறியா?"

நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அஸீஸ் அவர் கையைப் பிடித்துப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். அடிக்கத்தான் போகிறான் என்று ஜௌபர் நினைத்தார். ஓடவும் தெம்பில்லை. சாப்பிட்டிருந்தால்தானே!

"நானா, கடையில சாப்பிட்ட கையோட வலது விலாவப் பிடிச்சிக்கிட்டுக் குனியிறீங்களே, எதிர்க் கடையில இரிக்கிறவனுக்குக் கண் இல்லையா? வலி முதுகால ஏறித் தோளுக்குப் போகுமே?"

ஜௌபரின் கை தானாக வலது விலாவுக்குப் போனது.

"சபையில வச்சி வேணாம்டு தடுத்தா, ஏன்டு கேப்பாங்க. நீங்க மறைக்கிறது வெளிய வந்திரும். அதுதான் நானே தின்டேன். பெருந்தீனிக்காரன்டு பேரு எனக்கு வந்தா வரட்டும். ரெண்டாள் சாப்பாடு, நானா! மூச்சு விட ஏலாமக் கெடக்கு."

"அது... ஒனக்கு எப்பிடி இதெல்லாம் தெரியும்?"

அஸீஸ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சட்டையைத் தூக்கினான். வலது விலாவுக்குக் கீழே சாணளவுக்கு ஒரு தழும்பு, தையல் போட்ட அடையாளத்தோடு.

"கொழும்புல வச்சிப் பித்தப்பையையே வெட்டி எடுத்திட்டாங்க. வெளிய சொல்ல வெக்கம். நானும் ஒங்களப் போலத்தான்," என்றவன், சட்டையை இறக்கிவிட்டுச் சிரித்தான்.

"இதுதான் நானா, நீங்க ஊரெல்லாம் சொன்ன என்ட மருதானைச் சின்ன வீடு!"